ஒரு படத்துக்கு ஒரு கருத்து

கிட்ட வாங்க மக்களே. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சாரல் உள்ளே அடிக்கிறது. ஒரு கதை சொல்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். இதில் வருகிற பெரிய மனுஷர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிரிப்பு எந்த விதியின் கீழ் வருகிறது என்று பார்த்து முடிக்கவே அவர்களுக்கு நாளாகும். அழுகை வருகிற இடத்தை நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்து ஒன்றரை வருஷம் போயிருந்தது. அறுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதம். தென்காசி டூரிங் கொட்டகைக்கு ஒரு யுத்தப் படம் வந்தது. படத்தின் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு குழு உட்காரும்.

படம் என்னவோ வழக்கமான படம்தான். கதாநாயகன் பனியில் குண்டடி பட்டு விழுவான். விழுந்த பிறகு இரண்டு பாட்டுப் பாடுவான். ஆனால் நடுவிலே ஒரு துண்டு நிஜம் இருந்தது. பட்டாளத்தார் தங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த படத்தில் கொஞ்சத்தை வாங்கிக் கம்பெனிக்காரர்கள் ஒட்டியிருந்தார்கள். பத்துச் சிப்பாய்கள் முதுகில் மூட்டையோடு ஒரு மலைச் சரிவில் ஏறுகிறார்கள். ஏழாவதாக வருகிறவன் தலையை வலப்பக்கம் சாய்த்து, காதை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுகிறான். பிறகு அடுத்த அடிக்குக் காலைத் தூக்குகிறான். அதற்குள் காட்சி மாறிக் கதாநாயகன் வந்துவிடுகிறான். எல்லாம் எச்சில் விழுங்குகிற நேரம்.

இந்த எச்சில் விழுங்குகிற நேரத்தில்தான் வினை வந்தது.

முதல் நாளே நாற்காலி டிக்கெட்டில் மூன்று பேர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து பார்த்தார்கள். படம் விட்டதும் கொட்டகை வாசல் டீக்கடையில் பேச்சு எழுந்தது. தமிழ்ப் பண்டிதர் நமசிவாயம், "தாய்நாடு கூப்பிடுத குரலை அவன் காது கொடுத்துக் கேக்கான். வீரம்தான் இந்தப் படத்தோட கருத்து" என்றார். வக்கீல் நாறும்பூநாதன், "பீரங்கிச் சத்தத்துல செவிடாப் போயிட்டான் வே. சண்டை கூடாதுங்கதுதான் கருத்து" என்றார். ஓய்வு பெற்ற தாசில்தார் தாணுமாலயன் இரண்டு பேரையும் பார்த்துக் கையமர்த்தி, "தொப்பி நேரா இருக்கான்னு சரிபாக்கான். ஒழுங்குமுறை. அதுக்கு மேல ஒரு கருத்தும் கிடையாது" என்றார். டீ ஆறியது. பேச்சு ஆறவில்லை. மறுநாள் மூன்று பேரும் தனித்தனியே மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டார்கள்.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. 'ஒரு படத்துக்கு ஒரு கருத்து இருப்பதே முறை. மூன்று இருப்பதாகத் தெரிய வருவதால், உண்மையான கருத்தை நிர்ணயம் செய்ய, மனுதாரர் மூவரையுமே குழுவாக நியமிக்கலாயிற்று. நிர்ணயம் ஆகும்வரை பொதுமக்கள் கருத்துக் கொள்ளாமல் படம் பார்க்கவும்.' கடைசி வரியைக் கொட்டகையில் சிலேடு போட்டுக் காட்டினார்கள். ஜனங்கள் அன்றிலிருந்து படம் விட்டதும் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார்கள். பெருமூச்சு விட்ட ஒரு பெண்பிள்ளையை, "அது என்ன கருத்து?" என்று கேட் காவல்காரர் விசாரித்தார். மாவாட்டிய களைப்பு என்று சொல்லி அவள் தப்பினாள்.

இலத்தூரில் வடிவம்மாளுக்கு இந்தச் சேதி எதுவும் தெரியாது. குளத்துக்குக் கீழே அரைக்கால் வயலும், தந்தி வைத்த ஒரு தகரப் பெட்டியும் அவளுக்கு இருந்தன. அறுபத்திரண்டு ஐப்பசியில் வந்த தந்தி. பட்டாளத்தில் இருந்த மகன் சங்கிலிப்பாண்டியைக் காணவில்லை என்று அதில் இருந்தது. செத்தான் என்று இல்லை. இருக்கிறான் என்றும் இல்லை. காணவில்லை. ஒரு ஆட்டுக்குட்டியைக் காணோம் என்றால் எந்தப் பக்கம் போய்த் தேடுவது என்று தெரியும். இதற்கு எந்தப் பக்கம் போவது?

அவளுடைய கொழுந்தன் மாடன் நல்ல மனுஷன். அண்ணன் இறந்த பிறகு வயலை அவன்தான் பார்த்துக்கொண்டான். ஆனால் ஆடி பிறக்கப் போகிறது என்றால் அவன் வாசலில் வந்து நின்றுவிடுவான்.

"மதினி, போன ஆடி அமாவாசைக்கும் பேசாம இருந்துட்டீய. பிள்ளை தாகத்தோட அலையுதானோ என்னமோ. இந்த வருஷமாவது குத்தாலத்துல எள்ளும் தண்ணியும் விட்டுருவோம்."

"அவன் இருக்கான்னா? இருக்கவனுக்கு எள்ளுத் தண்ணி விடலாமா மாடா?"

"இல்லன்னா?"

இந்த இடத்தில் இரண்டு பேருமே நிறுத்திவிடுவார்கள். அப்படியே ஒன்றரை வருஷம் நின்றது.

அப்போதுதான் ஒருநாள் மத்தியானம் தென்காசியிலிருந்து நூருன்னிசா ஓட்டமும் நடையுமாக வந்தாள். பீடி சுற்றுகிறவள், சங்கிலிப்பாண்டியைச் சின்ன வயதில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள். விரலில் புகையிலைத் தூள் போகவில்லை.

"ஏட்டி வடிவு, உன் மவன் சினிமாவுல நடக்கான்."

"என்னட்டி சொல்லுதே?"

"முகம் தெரியல. மூட்டையும் தொப்பியுமாத்தான் தெரியுது. ஆனா காதைத் தட்டுதான். ரெண்டு தட்டு."

வடிவம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

குற்றாலத்து அருவியில் குளித்தவர்களுக்குத் தெரியும். தலையைக் காட்டினால் காதுக்குள் தண்ணீர் போகும். எல்லோரும் தலையைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள், அதோடு மறந்துபோவார்கள். சங்கிலிப்பாண்டி மூன்று வயதில் அருவிக்குள் நின்றவன், அதை வாழ்நாள் பழக்கம் ஆக்கிக்கொண்டான். யோசனை வந்தால் தட்டுவான். வெட்கம் வந்தால் தட்டுவான். பசித்தால், கேட்காமல் அடுக்களை வாசலில் நின்று தட்டுவான். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, அளவெடுத்தவர் முன்னாலும் தட்டினானாம்.

அன்றைக்கே இரண்டு பேரும் தரை டிக்கெட்டில் போய் மணலில் உட்கார்ந்தார்கள். முதலில் சிலேடு வந்தது. வடிவம்மாளுக்குப் படிக்கத் தெரியாததால் அவள் கருத்தோடேயே படம் பார்த்தாள். ஏழாவது ஆள் வந்தான். தலை சாய்ந்தது. இரண்டு தட்டு. கால் தூக்கினான். கதாநாயகன் வந்தான்.

"செத்த நேரம் தள்ளி நில்லுலே" என்று வடிவம்மாள் கதாநாயகனைப் பார்த்துச் சொன்னாள். அவன் பாட ஆரம்பித்தான்.

படம் முடிந்ததும் அவள் ஆபரேட்டர் தளவாயைத் தேடிப் போனாள். தலை நரைத்த மனிதர், முண்டா பனியனில் கரிப்புகை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தத் துண்டை எப்போது எடுத்தார்கள்? சண்டை முடிந்த பிறகு எடுத்ததென்றால் பிள்ளை இருக்கிறான். அவ்வளவுதான் கணக்கு. வேறு ஒன்றும் வேண்டாம்.

"எனக்குத் தெரியாதே தாயி" என்றார் தளவாய். "ஆனா எந்தத் துண்டு எங்க எடுத்தது, எப்ப எடுத்ததுன்னு கம்பெனிக்காரன் குழுவுக்கு விவரமா ஒரு கடுதாசி எழுதியிருக்கான். அது குத்தாலத்துல அவங்க கோப்புல இருக்கு. அங்கன போயிக் கேளும்."

குழு தென்காசியில் கூடாமல் ஏன் குற்றாலத்தில் கூடியது என்று நீங்கள் கேட்கலாம். தலைவர் தாணுமாலயன் அதற்கு எழுத்தில் காரணம் கொடுத்திருந்தார்: 'கருத்து என்பது சூடான பொருள். அதைக் குளிர்ந்த மூளையோடு அணுக வேண்டும்.' அது சீசன் சமயம். காலையில் எண்ணெய், பத்து மணிக்கு அருவி, பன்னிரண்டுக்குச் சாப்பாடு, பிறகு தூக்கம். கருத்து இதற்கு நடுவே எங்காவது வந்தால் வரவேற்கப்பட்டது.

வடிவம்மாள் மூன்று தடவை குற்றாலத்துக்கு நடந்து போனாள். முதல் நாள் குழு அருவியில் இருந்தது. இரண்டாம் நாள் குழு தூங்கியது. மூன்றாம் நாள், குழு தங்கியிருந்த பங்களா வராந்தாவில், குழுவின் குமாஸ்தா சிவனணைந்தபெருமாள் அவளை உட்கார வைத்தார். ஒல்லியான மனுஷன், கூட்டத்தில் எண்ணெய் தேய்க்காதவர் அவர் ஒருவர்தான்.

"கேள்வி கேக்கதுக்கு இங்க இடம் கிடையாது ஆச்சி. பார்வையாளர் கருத்துச் சொல்லலாம். நீங்க பார்வையாளரா?"

"பாத்தேன் ஐயா. நல்லாப் பாத்தேன்."

"எந்த டிக்கெட்?"

"தரை."

அவர் சங்கடத்தோடு எழுதினார். நாற்காலிக்கு ஒரு கருத்து, பெஞ்சுக்கு முக்கால், தரைக்கு அரை என்று விதி.

உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேரும் இடுப்பில் ஒரு துண்டோடு பலகைகளில் கிடந்தார்கள். மூன்று ஆள்கள் முழங்கையால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கைக்கெட்டும் தூரத்தில் கோப்பு இருந்தது. ஒவ்வொரு தடவை பேசும்போதும் அதன் மேல் எண்ணெய்க் கையை வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அதிகாரம் நழுவக் கூடாது அல்லவா.

"சொல்லும்மா. பயப்படாதே. முப்பத்து நாலு வருஷம் சர்க்கார்ல இருந்தவன் நான். ஒருநாளாவது எனக்குன்னு ஒரு கருத்து வச்சிருந்தேன்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம். அதுக்காகத்தான் என்னைத் தலைவராப் போட்டிருக்கு."

"ஏழாவதா வாரது என் மவன் ஐயா. அது எப்ப எடுத்த படம்னு தெரியணும்."

"அது தகவல். நாங்க விசாரிக்கது கருத்து. தகவலையும் கருத்தையும் ஒண்ணாக் கலந்தா நிர்வாகம் என்னத்துக்கு ஆகும்?"

பண்டிதர் நமசிவாயம் பலகையிலிருந்து தலையை மட்டும் தூக்கினார். "வீரத்தாய். உன்னைக் கண்டு தமிழ் தலை நிமிருது. எனக்கும் ஆறு ஆண்மக்கள். ஒருத்தனையும் வடக்க அனுப்பல. ஏன்? போருக்குப் போக ஆள் வேணும்னா, போனவனைப் பாட ஆள் வேணும்லா? அந்தத் தியாகத்தை என் குடும்பம் செய்யுது."

வக்கீல் நாறும்பூநாதன் பெருமூச்சு விட்டார். "சண்டைங்கது பெரிய கொடுமைம்மா. அதைப் பத்திப் போன மாசம் மூணு மணி நேரம் பேசினேன். எழுந்து போகப் பாத்தாங்க. கதவைப் பூட்டச் சொல்லிட்டேன். சமாதானத்தைச் சும்மா கொண்டுவர முடியுமா? சரி, உன் மவன் செவிடாப் போனானா, இல்லையா? அதைச் சொல்லு போதும்."

"காது நல்லாத்தான் கேக்கும் ஐயா. அது தண்ணி. குத்தாலத்துத் தண்ணி. சின்னதுல காதுக்குள்ள போன தண்ணியை இன்னமும் தட்டுதான். அங்கன பனியில தண்ணி ஏது? பழக்கம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது நாலாவது கருத்து. தலைவர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் குமாஸ்தாவைப் பார்த்து, "எழுதிக்கும்" என்றார். "பார்வையாளர் கருத்து, அரை: குற்றாலத்துத் தண்ணீர் நல்லது."

ஆனால் நாலாவது கருத்து வந்துவிட்டதால் காட்சியை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்ததும், குழு கொட்டகைக்கு எழுந்தருளியது. நாலாவது கருத்துக்கு உரியவள் என்று வடிவம்மாளுக்கும் பெஞ்சில் இடம் கிடைத்தது. அந்தத் துண்டை மட்டும் தளவாய் ஓட்டினார். "இன்னொரு தடவை" என்றார் பண்டிதர். ஓட்டினார். "கொஞ்சம் மெதுவா" என்றார் வக்கீல். "தொப்பியைப் பாருங்க, தொப்பியை" என்றார் தலைவர். நெற்றியைப் பார்த்தார்கள். முழங்கையைப் பார்த்தார்கள். மொத்தம் பதினோரு தடவை ஓடியது.

மக்களே, அந்தக் குழு இருந்த காலம் முழுக்க அதற்கு மனசார நன்றி சொன்ன ஆள் ஒருத்திதான். கொடுத்து வைத்தவள்போல அவள் வாய் திறந்து உட்கார்ந்திருந்தாள். துணைக்கு வந்திருந்த நூருன்னிசா பக்கத்தில் அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"ஒல்லியாப் போயிட்டான்லா" என்றாள் வடிவம்மாள், ஐந்தாவது தடவை.

"மூட்டை கனம்ட்டி. அதான் அப்படித் தெரியுது."

எட்டாவது தடவை, "பசிக்கு போல" என்றாள் வடிவம்மாள்.

பதினோரு தடவை அவன் மலை ஏறினான். ஒரு தடவைகூட இறங்கி வரவில்லை.

இப்படியே ஆனி போய், ஆடியும் பாதி போனது. அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது, சீசனும் குறைந்து அருவியில் தண்ணீரும் மெலிந்ததால், குழு அறிக்கையை முடித்தது. அறிக்கையைத் தலைவர் வராந்தாவில் நின்று வாசித்தார். 'இப்படத்தில் கருத்து உள்ளது. அது நல்ல கருத்து. அதை எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏழாவது நபரின் நடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துக்கு இடம் தருவதாலும், மற்ற ஒன்பது பேர் அவ்வாறு செய்யாததாலும், அந்தக் காட்சி நீக்கப்படுகிறது.' மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் தடவையாக மூன்று பேருக்கும் ஒரே கருத்து. அந்தச் சந்தோஷத்தில் ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளப் பார்த்தார்கள், எண்ணெய் வழுக்கிவிட்டது.

மூன்று பேரும் கார் ஏறிப் போன பிறகும் வடிவம்மாள் பங்களாப் படியில் இருந்தாள். சிவனணைந்தபெருமாள் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்தத் தேதி மட்டும் ஐயா."

"கோப்பைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்ல ஆச்சி. முப்பது வருஷம் மூடி வைக்கணும்னு எழுதியாச்சு."

"திறக்க வேண்டாம்யா. மேல பாரும்."

அவர் பார்த்தார். நாற்பது நாளாகத் தலைவரின் கை இருந்த இடம். மேலட்டையும் அதற்கு அடுத்த காகிதமும் எண்ணெய் ஊறி, கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. அடியிலிருந்த கம்பெனிக் கடுதாசி, திறக்காமலேயே, எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அவர் விதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். மூடிய கோப்பைப் பார்க்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. குனிந்து படித்தார். படித்தவர் நிமிரவில்லை.

"சொல்லும்யா."

"எண்ணெயில சரியாத் தெரியல ஆச்சி."

"தெரியுதுன்னு உம்ம முகத்துலயே தெரியுது. சொல்லும். ஒன்றரை வருஷமா எனக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

அவர் மெதுவாகப் படித்தார். வடக்கே ஒரு மலைப் பயிற்சியின்போது எடுத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, பிப்ரவரி.

"நம்ம மாசம் என்ன?"

"மாசி."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். மாசியிலிருந்து ஆரம்பித்து இரண்டு சித்திரை கடந்து, ஐப்பசிக்கு வந்து நிறுத்தினாள். தந்தி வந்த ஐப்பசி. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் படம் முந்தி, தந்தி பிந்தி.

"நல்லாருப்பீரு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். இலத்தூருக்கு நடந்தே போனாள். வீட்டுக்கு வந்து மாடனைக் கூப்பிட்டு, "எள்ளு வாங்கி வையி" என்றாள்.

ஆடி அமாவாசை காலையில் குற்றாலத்தில் கூட்டம். மெலிந்த அருவியில் ஜனங்கள் தலை நனைத்து, ஈர வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்து, போனவர்கள் பேரைச் சொல்லித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். மாடனும் குளித்துவிட்டு உட்கார்ந்தான். உள்ளங்கையில் எள்ளை வைத்தான். பேரைச் சொல்ல வேண்டியது வடிவம்மாள்.

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தளவாய் வந்தார். சட்டைப்பையிலிருந்து வாழைநாரில் சுற்றிய ஒன்றை எடுத்தார்.

"குழு சொன்னபடி நேத்து வெட்டிட்டேன் தாயி. குப்பையில போடச் சொல்லித்தான் உத்தரவு. எனக்குக் கை வரல. மூணு முழம் இருக்கு."

பூ வாங்குகிற மாதிரி இரண்டு கையிலும் வாங்கினாள். பிரித்து, வெயிலுக்கு நேரே பிடித்தாள். நகம் அளவு நகம் அளவாக எழுபது எண்பது படம். ஒவ்வொன்றிலும் ஏழாவது ஆள். ஒன்றில் தலை நேராக இருந்தது. அடுத்ததில் நூலளவு சாய்ந்தது. அதற்கடுத்ததில் கை புறப்பட்டது. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மாடனின் உள்ளங்கையில் எள் காத்திருந்தது. கடைசிப் படத்துக்கு வந்தாள். இரண்டு தட்டும் முடிந்து கை இறங்கியிருந்தது. இடது கால் மேலே இருந்தது. பாறைக்கும் பாதத்துக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம்.

அதற்குப் பிறகு படம் இல்லை.

"மதினி, பேரைச் சொல்லுங்க. நேரமாகுது."

"மாடா, இங்கன பாரு. கால் இன்னும் கீழ ஊனல."

"அது பழைய படம்லா மதினி. நீங்கதான தேதி கேட்டு வந்தீய."

"தேதி எனக்குத் தெரியும்ப்பா. நான் ஒண்ணும் கிறுக்கி இல்ல. ஆனா தூக்கின கால் அந்தரத்துல நிக்கு. அந்தரத்துல நிக்கவனுக்கு எப்படித் தண்ணி விட? ஊனட்டும். பிறகு பாப்போம்."

மாடன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த எள்ளைத் துண்டு முனையில் முடிந்துகொண்டான். எழுந்தவன் தலையை வலப்பக்கம் சாய்த்து, காதுக்குள் போயிருந்த அருவித் தண்ணீரை இரண்டு தட்டுத் தட்டினான். வடிவம்மாள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தளவாய் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினார்கள். சிப்பாய்கள் வருகிற இடம் இல்லை. கதாநாயகன் நேரே வந்து பாடினான். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. வடிவம்மாளின் தகரப் பெட்டியில், தந்திக்குப் பக்கத்தில், மூன்று முழம் சுருண்டு கிடந்தது. வருஷா வருஷம் ஆடிக்கு அவள் அதை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். மாடன் எள்ளு முடிச்சோடு வாசலில் நிற்பான். "இன்னும் இல்லப்பா" என்பாள். அவன் போய்விடுவான்.

அவ்வளவுதான் மக்களே. சாரல் விட்டிருக்கிறது, பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டுப் படி இறங்கிப் போன கால் எத்தனை உண்டோ, அத்தனையும் திரும்பி வந்து அதே படியில் ஊனட்டும். அடுக்களை வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு, கேட்காமலே போட, உங்கள் பானையில் எப்போதும் சோறு இருக்கட்டும்.